தனுஷ்கோடியைக் கடல் மட்டும் கொள்ளவில்லை

மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் தாராவியின் 90 அடி ரோட்டிலும் வாழும் நம்மவரில் திருநெல்வேலிக்காரர் உண்டு, இராமநாதபுரத்துக்காரர் உண்டு. இவர்களுடைய பழைய குடும்பங்கள் பலவற்றில் ஒரு செய்தி பொதுவாக இருக்கும். பாட்டனார் காலத்தில் ஒருவர் பம்பாய்க்கு ரயில் ஏறியிருப்பார். அவருடைய உடன்பிறந்தவர் ஒருவர் கண்டிச் சீமைக்குக் கப்பல் ஏறியிருப்பார். இருவரையும் விரட்டியது ஒரே பசிதான். பம்பாய்க்கு வந்தவர் தோல் கிடங்கிலோ பஞ்சாலையிலோ நின்றார். கண்டிக்குப் போனவர் தேயிலைத் தோட்டத்தில் நின்றார். அந்த இரண்டாமவர் தாய்மண்ணைக் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போன இடம் தனுஷ்கோடி.

இன்று தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் இடிந்த மாதாகோயில் சுவரின் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். “ஒரே இரவில் கடல் விழுங்கிய ஊர்” என்று வழிகாட்டி சொல்கிறான். கேட்கிறவர்கள் பெருமூச்சு விட்டுவிட்டு இளநீர் குடிக்கிறார்கள். நாம் அந்தக் கதையை அப்படியே ஏற்க மறுக்கிறோம். கடல் ஓர் இரவில் கொண்டது பாதி. மீதியைக் கொண்டவை கோட்டையிலும் தில்லியிலும் இருந்த காகிதக் கட்டுகள். இதை நாம் இன்று எழுதக் காரணம் உண்டு. 2024 முதல் தாராவியில் கணக்கெடுப்பு என்று சொல்லி நம் கதவுகளில் எண் எழுதிப் போகிறார்கள். எண் எழுதப்பட்ட கதவின் பின்னால் இருப்பவன் காகிதக் கட்டுகளின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாருக்காக எழுந்த துறைமுகம்?

1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டர் நீளம். கப்பல் வந்தால் நடுவில் பிளந்து மேலே தூக்கிக்கொள்ளும் இரும்புப் பாலம். அதற்கு முன்னர் சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடி சென்று கப்பல் ஏறினார்கள். பாலம் வந்தபின் ‘போட் மெயில்’ நேரே தனுஷ்கோடிக்கு ஓடியது. அங்கே கப்பலில் ஏறினால் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். தலைமன்னாரில் மறுபடி ரயில். எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்புக் கோட்டை வரை போய்விடலாம்.

மணல்முனையில் ஓர் ஊர் எழுந்தது. ரயில் நிலையம், சுங்கச் சாவடி, தபால் நிலையம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, மாதாகோயில், யாத்திரிகர் சத்திரங்கள் எல்லாம் வந்தன. இராமேசுவரம் தீவில் படகுக்காரர்களுக்கும் பிழைப்பு நடந்தது. மறைந்த குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களின் தந்தையாரே தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லப் படகு வைத்திருந்தவர்தான்.

ஊர் செழித்தது என்பதை நாம் மறுக்கவில்லை. அந்தச் செழிப்பு எதன்மேல் நின்றது என்று மட்டும் கேட்கிறோம். வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தேயிலைத் தோட்டங்களில் கூலி ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதற்கு முந்திய தலைமுறையில் நம் மக்கள் தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே விழுந்து மாண்டவர்கள் ஏராளம். ரயிலும் கப்பலும் வந்தபின் ஆள் வழியில் சாகாமல் தோட்டம் போய்ச் சேர்ந்தான். துரைக்கு அது இலாபம்.

ரயிலுக்கும் கப்பலுக்கும் நடுவே மண்டபம் முகாம் இருந்தது. நம் மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே இறக்கி, அடைத்து வைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று கண்டபின்தான் கப்பலுக்கு விட்டார்கள். தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு ஒன்று ஒவ்வொருவன் கையிலும் இருந்தது. அது யார் கணக்கில் எழுத வேண்டிய ஆள் என்று சொல்லும் துண்டு. மனிதனுக்கு முன்னால் எண் போய்ச் சேர்ந்தது.

பிறகு காலம் மாறியது. கூலி ஆட்களைக் கப்பலேற்றுவதை 1939இல் இந்திய அரசாங்கம் நிறுத்தியது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதம் நின்ற 1,50,000 பேரைப் பின்னர் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த இலட்சக்கணக்கானவர்களிடம் எங்கே வாழ விருப்பம் என்று யாரும் முதலில் போய்க் கேட்டதில்லை. அவர்கள் திரும்பி வர வேண்டிய வாசலும் இதே தனுஷ்கோடிதான். ஒப்பந்தத்தின் மை காய்ந்து இரண்டு மாதம் நிறைவதற்குள் அந்த வாசல் இடிந்து விழுந்தது.

ஓர் இரவும் ஓர் உத்தரவும்

1964 டிசம்பர் 22 நள்ளிரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் ரயில் ஊருக்கு அருகில் வந்துவிட்டது. வழிகாட்டும் விளக்கு எரியவில்லை. காற்றும் மழையும் கண்ணை மறைக்க வண்டி மெல்ல முன்னேறியது. அப்போது எழுந்த அலை வண்டியை அப்படியே புரட்டி எடுத்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. பொழுது விடிந்தபோது ஊரும் இல்லை. புயலில் இரு கரையிலுமாக மாண்டவர் சுமார் 1,800 பேர் என்று கணக்கிடுகிறார்கள். டிக்கெட் இல்லாமல் ஏறியவனும் பதிவில் இல்லாத குடிசைக்காரனும் எந்தக் கணக்கிலும் வந்திருக்கமாட்டார்கள்.

பிறகு உத்தரவு வந்தது: தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம்.

நாம் நியாயத்தை விட்டுப் பேச விரும்பவில்லை. இரு பக்கமும் கடல் உள்ள அந்தக் குறுகிய மணலில் மறுபடி ஒரு நகரம் கட்டுவது அறிவுடைமை ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ரயில் அதிகாரி சென்னைக்கு மாற்றலாகிப் போகலாம். சுங்க அதிகாரி தூத்துக்குடிக்குப் போகலாம். மீனவன் எங்கே போவான்? அவனுடைய தொழில் அந்த நீரோட்டத்தில் இருக்கிறது. வாடைக் காற்றுக்கு ஒரு கரையும் கச்சான் காற்றுக்கு மறு கரையுமாக வலை வீச இடம் தரும் அந்த முனையில் இருக்கிறது. ஆகவே சில காலத்தில் அவன் திரும்பி வந்து ஓலைக் குடிசை போட்டான். பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் நல்ல தண்ணீர் மொண்டார்கள். ‘வாழத் தகுதியற்ற இடம்’ என்ற உத்தரவு அவனை அங்கிருந்து அகற்றவில்லை. அவனுக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பதற்கு மட்டும் அது பயன்பட்டது. ரோடு கேட்டால், அது வாழும் இடம் இல்லையே என்றார்கள். விளக்குக் கேட்டாலும் பட்டா கேட்டாலும் அதே பதில்.

46 நாளும் 53 ஆண்டும்

வாசகர்கள் இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே புயலில் பாம்பன் பாலத்தின் இரும்புக் கட்டைகளில் பெரும்பகுதி கடலில் விழுந்தது. சீர்செய்ய ஆறு மாதம் ஆகும் என்றார்கள். பிறகு மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்றார்கள். அப்போது இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில், கடலுக்குள் கிடந்த கட்டைகளைத் தேடியெடுத்து மறுபடி மேலே ஏற்றி, 46 நாட்களில் ரயிலை ஓட விட்டார்கள். உழைத்த கைகள் எல்லாவற்றையும் நாம் பாராட்டுகிறோம். மனம் வைத்தால் அரசாங்கத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

தனுஷ்கோடிக் குடிசைகளைத் தாண்டி அரிச்சல்முனை வரை தார் ரோடு திறக்கப்பட்டது 2017 ஜூலையில். புயலுக்கும் ரோட்டுக்கும் நடுவே 53 ஆண்டுகள்! அதுவரை அங்கே பிள்ளைபெறும் வலி எடுத்தவளும் காய்ச்சல் கண்ட குழந்தையும் மணலில் தடுமாறும் வண்டியை நம்பித்தான் இருந்தார்கள். 53 ஆண்டுக்குப் பிறகாவது வந்த ரோடு மீனவனுக்காக வந்ததா? சுற்றுலாக் கார்கள் ஓடுவதற்காக வந்தது. வந்த ரோட்டில் மீனவனும் நடந்துகொள்கிறான். ரோட்டோரம் அவன் மனைவி பொரித்த மீனும் சங்கு மாலையும் விற்கிறாள். அதனால் நாலு காசு கிடைக்கிறது என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கடை நிற்கும் மண் யாருடையது என்று கேட்டுக் காகிதம் வரும் நாளில் அவள் கையில் காட்ட என்ன இருக்கும்?

2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. நூறாண்டு கண்ட பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டது. ஆகப் பாலம் இருமுறை பிறந்திருக்கிறது. ஊர் ஒருமுறைகூடத் திரும்பப் பிறக்கவில்லை.

கப்பல் நின்றபின்

தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல்துறை இராமேசுவரத்துக்கு மாறியது. ‘இராமானுஜம்’ கப்பல் தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் ஓடியது. ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் அதில்தான் வந்து இறங்கினார்கள். மொத்தத்தில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா வந்து சேர்ந்தனர். பாட்டன் அம்மை குத்திக்கொண்டு புறப்பட்ட அதே மண்டபம் முகாமில், பேரன் தகரப் பெட்டியோடும் குடும்ப அட்டையோடும் வரிசையில் நின்றான். அங்கிருந்து நீலகிரிக்கும் ஆந்திரப் பஞ்சாலைகளுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். போன இடத்தில் ‘சிலோன்காரன்’ என்று பெயர். வந்த இடத்தில் அவனை ‘இந்தியாக்காரன்’ என்று சொல்லியல்லவா விரட்டினார்கள்!

1983இல் இலங்கையில் தமிழர் மீது வெறியாட்டம் நடந்தது. 1984இல் கப்பல் நின்றது. கப்பல் நின்றதால் போக்குவரத்து நின்றுவிட்டதா? இல்லை. உயிருக்குப் பயந்தவர்கள் இரவில் சிறு படகில் வந்தார்கள். நகையை விற்றுப் படகுக்காரனுக்குக் கொடுத்தார்கள்; மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, விடியும்வரை குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். 2022இல் இலங்கையில் அரிசியும் மருந்தும் கிடைக்காமல் போனபோதும் அதே அரிச்சல்முனைத் திட்டுகளில்தான் குடும்பங்கள் வந்து இறங்கின. மீண்டும் மண்டபம் முகாம்! ஊர் போனது; ரயில் போனது; கப்பல் போனது. ஏழையை அடைக்கும் முகாம் மட்டும் 100 ஆண்டைத் தாண்டியும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள். வரவேற்கிறோம். தலைமன்னார் வரை ரயில் பாதையும் 2015இல் சீராகிவிட்டது. இந்தப் பக்கத்துத் துறை மட்டும் காலியாகக் கிடக்கிறது.

இழுவை மடி இழுத்துச் சென்ற இடம்

மீன்பிடித் தொழிலின் கதைக்கு வருவோம். இங்கே நாம் சொல்லப்போவது நம்மவரில் சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் சொல்ல வேண்டும்.

இந்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்தது. அறிவியல் அங்கே இருந்தது. ஆனால் கரைக்கு வந்து சேர்ந்தது இறால் ஏற்றுமதிப் பேராசை. அரசாங்கம் கடனும் மானியமும் கொடுத்து இழுவை விசைப்படகுகளை வளர்த்தது. அடிக்கடலைச் சுரண்டும் இழுவை மடி, இறாலோடு குஞ்சையும் பாசியையும் சேர்த்து வாரியது. கரையோரத்தில் நாட்டுப்படகுக்காரனின் வலை அறுந்தது; சண்டை மூண்டது. 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குச் சட்டம் வந்தது. வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று கடலைக் கிழமை போட்டுப் பிரித்தார்கள்.

இந்தப் பக்கத்துக் கடலில் மீன் குறையக் குறைய, படகுகள் அந்தப் பக்கம் போயின. கச்சத்தீவை 1974இல் நம் மீனவரைக் கேளாமல் கொடுத்தார்கள். 1976இல் அந்தப் பக்கம் மீன்பிடிக்கும் உரிமையையும் விட்டுக்கொடுத்தார்கள். இந்த அநியாயத்தைப் பல மேடைகளில் பேசியாகிவிட்டது. துப்பாக்கிச் சூட்டில் செத்த மீனவர் உண்டு. சிறையில் வாடுவோர் உண்டு. நிராயுதபாணியைச் சுடுவதற்கு எந்த எல்லைக் கோடும் உரிமை கொடுக்காது. இதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். போர்க் காலத்தில் மன்னார், யாழ்ப்பாண மீனவனை அந்நாட்டுப் படை கடலில் இறங்கவிடவில்லை. 2009இல் போர் முடிந்து, எல்லாவற்றையும் இழந்தவன் கடன் வாங்கி ஒரு சிறு படகும் வலையும் வாங்கிக் கடலுக்குப் போனான். அவனுடைய வலையை இரவில் அறுத்துக்கொண்டு போனது இராமேசுவரத்து இழுவை மடி. அவனும் தமிழன், நாம் கண்ணீர் விட்டோமே, ஊர்வலம் போனோமே, அதே தமிழன்! 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடியைத் தடை செய்தது. அதே ஆண்டில் நம் அரசுகளும் பாக் நீரிணைப் பகுதியில் 2,000 இழுவைப் படகுகளை மூன்றே ஆண்டில் ஆழ்கடல் படகுகளாக மாற்றப் போவதாக அறிவித்தன. அந்த இலக்கின் அருகில்கூடப் போகவில்லை. தொப்புள்கொடி உறவு என்று மேடையில் முழங்குகிறவர்கள் கடலுக்கு அடியில் அந்தக் கொடியை அறுப்பது எது என்று சொல்லத் தயங்குகிறார்கள்.

படகில் பிடிபடுகிறவன் யார் என்பதையும் கவனியுங்கள். படகுச் சொந்தக்காரர் பெரும்பாலும் கரையில் இருக்கிறார். கடலில் பிடிபடுகிறவன் பங்குக்குப் போகும் கூலியாள். அவன் சிறைக்குப் போனால் வீட்டில் அடுப்பு அணைகிறது. தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களின் நிலையும் அதுதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். கடலைக் காக்க வேண்டியதுதான். ஆனால் அடிக்கடலை வாரிய மடி ஓடிக்கொண்டே இருக்க, கையால் பாசி பறித்தவள் குற்றவாளி ஆனாள்.

தாராவியும் கடலோர ஊர்தான்

இதை எல்லாம் படித்துவிட்டு, “பாவம், அந்த ஊர்க்காரர்கள்” என்று இதழை மடித்து வைத்துவிட வேண்டாம். நாம் நிற்கும் மண்ணின் கதை என்ன?

மாகிமிலிருந்து பாந்திராவுக்கு ஒரு காலத்தில் படகில்தான் போக வேண்டும். லேடி ஜம்சேட்ஜி அம்மையார் கொடுத்த பணத்தில் 1845இல் மாகிம் காஸ்வே திறக்கப்பட்டபின் அந்தப் படகுத் துறை மறைந்தது. 1909ஆம் ஆண்டின் பம்பாய் கெசட்டியர், நகரின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகத் தாராவியை எழுதி வைத்திருக்கிறது. ஆம், தாராவி ஒரு மீனவர் ஊர். கழிமுகத்தைத் தூர்த்துத் தூர்த்து நகரம் வளர்ந்தது. மித்தி ஆறு சாக்கடை ஆனது. கோலி மக்களின் வலையில் மீன் விழுவது நின்றது. தூர்ந்த சேற்றில் தோல் கிடங்குகள் வந்தன. தோல் கிடங்குகளோடு திருநெல்வேலியிலிருந்து நாம் வந்தோம். நம் குடிசையின் அடியில் ஒரு மீனவனின் துறை புதைந்து கிடக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது. சேற்றை மேடாக்கியவர்களும் நாம்தான். இன்று அந்த மேடு தங்கம் ஆகிவிட்டது என்கிறார்கள்.

தங்கம் ஆனதும் காகிதம் வருகிறது. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் இருந்ததற்குச் சான்று உள்ளவனுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி. பின்னால் வந்தவனுக்கும் மாடியில் குடியிருப்பவனுக்கும் தாராவிக்கு வெளியே. ‘தகுதியுள்ளவர்’, ‘தகுதியற்றவர்’ என்று நம்மை இரண்டாகப் பிரிக்கிறார்கள். இந்தச் சொல்லை எங்கே கேட்டோம்? தனுஷ்கோடியில் ஊரைத் தகுதியற்றது என்று எழுதி, அங்கே வாழ்ந்தவனுக்கு ஒன்றும் கொடுக்காமல் விட்டார்கள். தாராவியில் ஊர் மிகவும் தகுதியுள்ளதாகிவிட்டது. ஆகவே அங்கே வாழ்கிறவனைத் தகுதியற்றவன் என்று எழுதுகிறார்கள். ஊரை எழுதினாலும் ஆளை எழுதினாலும் வெளியே நிற்பவன் உழைப்பவன்தான்.

நாம் கேட்பது

தனுஷ்கோடி மீனவர் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான மேட்டில் வீடும் பட்டாவும் வேண்டும். தொழில் செய்யும் கரையில் படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் எழுத்துமூலமான உரிமை வேண்டும். சுற்றுலாவுக்கு என்று சொல்லி அந்தக் கரையை விற்கலாகாது.

இழுவை மடியை நாள் குறித்து நிறுத்த வேண்டும். படகுச் சொந்தக்காரருக்கு மட்டும் ஈட்டுத்தொகை கொடுத்து, பங்குக்குப் போன கூலியாளை நடுக்கடலில் விட்டுவிடக் கூடாது. இரு கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச அரசுகள் வழிவிட வேண்டும்.

இராமேசுவரம் – தலைமன்னார் கப்பலை மறுபடி விட வேண்டும். மலையகத்தில் உள்ள அத்தையின் சாவுக்கும் மண்டபத்தில் உள்ள அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் கூலிக்காரன் போய்வரக்கூடிய கட்டணத்தில் விட வேண்டும்.

தாராவியில் மாடியில் இருப்பவன், வாடகைக்கு இருப்பவன், பிந்தி வந்தவன் என்று பாராமல் வேலை செய்யும் இடத்தோடு சேர்த்து வீடு வேண்டும். கோலிவாடா மக்கள் தங்கள் பழைய ஊரின் எல்லைக்காகக் குரல் கொடுத்தால் நாம் அவர்களோடு நிற்க வேண்டும். அவர்களை நம்மிடமிருந்து பிரிப்பது எளிது. பிரிந்தபின் இருவரையும் அகற்றுவது அதைவிட எளிது.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் உள்ள ரேஷன் அட்டை, பழைய மின் ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, வாடகைச் சீட்டு அனைத்தையும் ஒரு பையில் கட்டி மேலே வையுங்கள். நகல் எடுத்து ஊரிலும் ஒன்று கொடுத்து வையுங்கள். தனுஷ்கோடியில் அலையோடு போனவற்றில் காகிதமும் ஒன்று. காகிதம் போனவர்கள் உயிர் தப்பியும் கணக்கில் வராமல் போனார்கள். தகரத் துண்டில் எண் பொறித்தவர்கள், கதவில் எண் எழுதியவர்கள் எல்லோரும் தங்கள் ஏட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நம்முடைய ஏட்டை நாம்தான் வைத்திருக்க வேண்டும்.

அடுத்த முறை அப்பா அம்மாவுக்குத் திதி கொடுக்க இராமேசுவரம் போகிறவர்கள் தனுஷ்கோடிக்கும் போய் வாருங்கள். மாதாகோயில் சுவரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். பின்னால் உள்ள குடிசைக்குப் போய், “இங்கே எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வது நமக்குத் தெரிந்த கதையாகவே இருக்கும்.